உருக்காமல் ஒட்டும் வெல்டிங்: ராக்கெட் தொட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இஸ்ரோ ராக்கெட் இஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் குடியிருப்பதால் எங்கள் பக்கத்தில் ராக்கெட் பேச்சு தானாக வந்துவிடும். பணகுடி, காவல்கிணறு, வள்ளியூர் வட்டாரத்தில் வெல்டிங் படிக்கிற பையன்களும், அவர்களைப் பெற்றவர்களும், பட்டறை வைத்திருப்பவர்களும் ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங், அதாவது உலோகத்தை உருக்காமல் உராய்வுச் சூட்டில் கிளறி ஒட்டும் முறை பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வெல்டிங் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. கேட்ட வரிசையிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, உருகாமல் எப்படி ஒட்டும்? உருகினால்தானே வெல்டிங்?

வெல்டிங் என்றதும் நமக்குத் தீப்பொறியும் உருகிய குட்டையும்தான் கண்ணில் வரும். ஆனால் உலோகம் ஒட்டுவதற்கு உருகித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மேலே படிந்த ஆக்சைடு படலம் உடைந்து, சுத்தமான உலோகமும் சுத்தமான உலோகமும் சூட்டில் அழுந்தினால் போதும். கொல்லன் பட்டறையில் இரண்டு இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடித்து ஒன்றாக்குவதும் அந்த வகைதான்.

இந்த முறையில் சுழலும் ஒரு கருவி இருக்கிறது. அகலமான அடிப்பகுதிக்கு ஷோல்டர் என்று பெயர். அதன் நடுவில் சின்ன முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அது பின். இரண்டு தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்து, நடுக்கோட்டில் இந்தப் பின்னை அழுத்தி இறக்குவார்கள். உராய்விலும் பிசைவிலும் பிறக்கும் சூட்டில் அலுமினியம் இளகும், ஆனால் உருகாது. கருவி கோட்டோடு நகரும்போது முன்னால் உள்ள இளகிய உலோகத்தைச் சுற்றிக்கொண்டுபோய்ப் பின்னால் படியவைக்கும், ஷோல்டர் அதை மேலிருந்து அமுக்கிவிடும். உளுந்தங்களி கிண்டிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மாவு இறுகி வரும்போது கரண்டி சுற்றச் சுற்றப் பாத்திரமும் கூடவே சுற்றப் பார்க்கும், அதனால் ஒருவர் கிண்ட இன்னொருவர் துணியால் பாத்திரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வார். கிண்டுகிறவரைவிடப் பிடிக்கிறவர் முக்கியம். அந்தப் பிடிப்பு பற்றிக் கீழே நிறையவே சொல்லியிருக்கிறேன்.

ராக்கெட் தொட்டிக்கு நம்ம ஆர்கான் வெல்டிங் ஆகாதா?

ஆகும். நம் நாட்டு ராக்கெட்டுகளின் அலுமினியத் தொட்டிகள் பல காலமாக ஆர்கான் வெல்டிங்கில், அதாவது டிக் முறையில்தான் உருவாகி வந்திருக்கின்றன. பறந்து காட்டியும் இருக்கின்றன. அதைக் குறைத்துப் பேசவேண்டியதில்லை.

சிக்கல் எங்கே என்றால், தொட்டிக்குப் பயன்படும் 2219 என்ற அலுமினியக் கலவையில் நூற்றுக்கு ஆறு பங்குக்குச் சற்று மேல் செம்பு இருக்கிறது. சூட்டுப் பதப்படுத்தலில் அந்தச் செம்பு நுண்ணிய துணுக்குகளாக உள்ளே பிரிந்து நிற்பதால்தான் தகட்டுக்கு வலு. உருக்கினால் அந்த ஏற்பாடு கலைந்துபோகும். கூடவே, உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், உறையும்போது அதை வெளியே தள்ளும். அப்போது உள்ளே விழும் குமிழி ஓட்டைதான் புளோ ஹோல். ஈரமான ஃபில்லர் ராடு, வியர்த்த கை, மழைநாள் காற்று எல்லாமே இதற்குக் காரணமாகலாம்.

ஒரு தோராயம் சொல்கிறேன். உருக்கி வெல்டு செய்த 2219 தகட்டில், மூலத் தகட்டின் வலுவில் 60 சதவீதம் வாக்கில் மிஞ்சும். உராய்வு முறையில் 70 சதவீதமும் அதற்கு மேலும் எதிர்பார்க்கலாம். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் வெல்டு எவ்வளவு பலவீனமோ அந்த அளவுக்கு வெல்டு ஓரத்தில் தகட்டைத் தடிமனாக விட்டாக வேண்டும். தடிமன் என்றால் எடை, ராக்கெட்டின் மேல்நிலையில், அதாவது மேல் அடுக்கில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் செயற்கைக்கோளிலிருந்து கழிக்கவேண்டிய கிலோ.

2219 உருக்கி வெல்டு செய்யக் கொஞ்சமாவது இணங்கும் கலவை. லித்தியம் சேர்ந்த 2195 கலவை அதற்கும் முரண்டுபிடிக்கும். அமெரிக்க ஷட்டில் விண்கலத்தின் வெளித்தொட்டியை எடை குறைப்பதற்காக அந்தக் கலவைக்கு மாற்றினார்கள். 1998 ஜூனில் அது முதன்முதலில் பறந்தது. அதை வெல்டு செய்வதிலும், பழுதான வெல்டைத் திரும்பச் சரிசெய்வதிலும் பட்ட பாடுதான் நாசாவை இந்தப் புது முறையின் பக்கம் வேகமாகத் தள்ளியது.

கிட்ட நின்று பார்த்தால் எப்படி இருக்கும்?

ஏமாற்றமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பொறி இல்லை, புகை இல்லை, கண்ணைக் கூசும் வெளிச்சம் இல்லை.

பழைய செங்குத்து மில்லிங் மிஷினில் 6 மி.மீ. தகடு இரண்டைப் பூட்டி ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பின் தகட்டைத் தொட்டதும் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். உள்ளே இறங்க இறங்க அந்தச் சத்தம் கட்டையாகும். ஷோல்டர் மேல்பரப்பில் பட்டதும் ஓரத்தில் மெல்லிய அலுமினிய ஓலை சுருண்டு எழும்பும். அப்படியே சில நொடிகள் நிறுத்திவைக்க வேண்டும். உலோகம் இளகாமல் நகர்த்தினால் பின் முறிந்துவிடும். இளகியதும் மேசையை நகர்த்த ஆரம்பிக்கலாம். நிமிடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான், பார்க்கிறவருக்குப் பொறுமை போய்விடும்.

பின்னால் விட்டுப்போகும் தடத்தைக் குனிந்து பாருங்கள். பிறைபிறையாக மெல்லிய வரிகள் அடுக்கியிருக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு வரி. நிமிடத்துக்கு 1,000 சுற்று, 100 மி.மீ. நகர்வு என்றால் வரிக்கு வரி 0.1 மி.மீ. இடைவெளி. வரி சீராக இருந்தால் வேகம் சீராக இருந்தது என்று அர்த்தம். மேலே வரி அழகாக இருப்பதால் உள்ளே நன்றாக இருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

சூடு என்ன என்று கேட்பவர்களுக்கு: 2219 கலவை 543 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். இந்த வெல்டில் சூடு பொதுவாக 400-லிருந்து 500 டிகிரிக்குள் நிற்கும்.

பிடிப்பு, பிடிப்பு என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

என்னைக் கேட்டால் அதில்தான் எல்லாம் இருக்கிறது.

கை வெல்டிங்கில் தகடுகளுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் கூடினால் வெல்டர் கையை ஆட்டி, கூடுதல் ராடு கொடுத்து நிரப்பிவிடுவார். இங்கே ராடு கிடையாது. இடைவெளி இருந்தால் அதை நிரப்ப உலோகம் எங்கிருந்து வரும்? உள்ளேயே ஓட்டையாக நின்றுவிடும். கருவி மேலிருந்து அழுத்துவது டன் கணக்கில். அந்த அழுத்தத்தைத் தாங்கத் தகட்டின் அடியில் கெட்டியான தாங்கு பலகை வேண்டும். பின் உள்ளே நுழையும்போது இரண்டு தகடுகளையும் விலக்கப் பார்க்கும். அதனால் பக்கவாட்டில் இறுக்க வேண்டும். ஒரு தகடு மேலே, இன்னொன்று கீழே என்று மயிரிழை ஏறி இறங்கினாலும் வெல்டு கெட்டுப்போகும். ஆக, மிஷினை ஓட்டுவதற்கு முன்பே வெல்டின் தரம் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

மேசையில் இரண்டு தகடு என்றால் நான்கு கிளாம்பில் முடிந்துவிடும். இப்போது 4 மீட்டர் விட்டமுள்ள இரண்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று உட்காரவைத்துச் சுற்றிலும் வெல்டு செய்யவேண்டும் என்று யோசியுங்கள். சுற்றளவு பன்னிரண்டரை மீட்டர். சுவர் அவ்வளவு மெல்லியது, தன் எடையிலேயே வட்டம் கெட்டு முட்டையாகப் பார்க்கும். உள்ளே இருந்து விரியும் சட்டங்களை வைத்து அதை வட்டமாக நிறுத்தி வைக்கவேண்டும்.

சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.) விரியும். ஒரு வளையம் நிழலிலும் இன்னொன்று வெயில் படும் ஜன்னலோரமும் இருந்து, இரண்டுக்கும் 10 டிகிரி வித்தியாசம் வந்துவிட்டால், 4 மீட்டர் விட்டத்தில் 0.9 மி.மீ. பேதம் வரும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் 10 டிகிரி ஒரு பொருட்டா? இப்படிப்பட்ட கூடங்களைக் குளிரூட்டி வைப்பது வேலை பார்ப்பவரின் சுகத்துக்காக மட்டுமல்ல என்று இதிலிருந்தே தெரியும்.

மிஷினும் நேராக நிற்கவேண்டும். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் மிஷூ என்ற ஆலையில் நாசாவின் எஸ்.எல்.எஸ். ராக்கெட்டின் நடுப்பகுதித் தொட்டிகளைச் செங்குத்தாக நிறுத்தி வெல்டு செய்ய ஒரு கோபுரம் கட்டினார்கள். உயரம் 170 அடி, கிட்டத்தட்ட 52 மீட்டர். கட்டி முடித்தபின், கருவி ஏறி இறங்கும் தண்டவாளங்கள் சரியான நேரில் இல்லை என்று தெரியவந்தது. அதைச் சரிக்கட்டுவதில் மாதக்கணக்கில் போயிற்று. அவ்வளவு பெரிய கோபுரத்தில் தவறியது மில்லிமீட்டர் கணக்குதான்.

கடைசியில் பின்னை வெளியே எடுக்கும்போது ஓட்டை விழுமே?

விழும். நேர்க்கோட்டு வெல்டு என்றால் வழி சுலபம்: கடைசியில் ஒரு துண்டுத் தகட்டை ஒட்டுப்போட்டு, ஓட்டையை அதில் விழவைத்து, பிறகு அறுத்து எறிந்துவிடலாம். சுற்று வெல்டுக்குத் தொடக்கமும் முடிவும் ஒரே இடம், அறுத்தெறிய ஒன்றும் இல்லை. அதற்காக, ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னை மெல்ல மெல்ல ஷோல்டருக்குள் இழுத்துக்கொள்ளும் கருவியை நாசாவின் மார்ஷல் மையத்தில் உருவாக்கினார்கள். இன்னொரு வழி, ஓட்டையில் அதே கலவையில் செய்த கூம்பு வடிவ அடைப்பானை வேகமாகச் சுழற்றி இழுத்து உராய்விலேயே ஒட்டிவிடுவது.

மூடிய தொட்டிக்குள் தாங்கு பலகை எப்படி வைப்பார்கள்?

இரண்டு ஷோல்டர் உள்ள கருவி இருக்கிறது: ஒன்று வெளியே, ஒன்று உள்ளே, நடுவில் பின். இரண்டும் தகட்டை இருபுறமும் கவ்விக்கொண்டு நகரும். அழுத்தம் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் பெரிய தாங்கு பலகை வேண்டாம். வேர்ப் பக்கம், அதாவது வெல்டின் அடிப்பக்கம் ஒட்டாமல் போகும் பயமும் இல்லை.

இதைக் கண்டுபிடித்தது யார்? ராக்கெட்காரர்களா?

இல்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள டி.டபிள்யூ.ஐ. என்ற வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் 1991-இல் வெய்ன் தாமஸும் அவருடைய குழுவும் கண்டுபிடித்தது. முதலில் கைநீட்டி வாங்கிக்கொண்டவர்கள் ஸ்காண்டிநேவியாவில் கப்பலுக்கு அலுமினியப் பலகை செய்தவர்கள். ராக்கெட்டில் 1999 வாக்கில் போயிங்கின் டெல்டா 2 மூலம் ஏறியது. பிறகு ஷட்டிலின் வெளித்தொட்டியில் பீப்பாய்ப் பகுதியின் நெடுக்கு வெல்டுகளுக்கு வந்தது. 2012-இல் ஆப்பிளின் ஐமேக் கணினியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒட்டவும் இதையே பயன்படுத்தினார்கள். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, இன்றைக்கு யாரும் செய்யலாம்.

மகேந்திரகிரியில் இதைத்தான் செய்கிறார்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத வாரம் இல்லை. மகேந்திரகிரியில் இருப்பது இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், ஐ.பி.ஆர்.சி. 2014-இலிருந்து அந்தப் பெயர். அதற்குமுன் திரவ உந்துவிசை மையத்தின் கிளையாக இருந்தது. அங்கே நடப்பது திரவ எரிபொருள் இஞ்சின்களையும் ராக்கெட்டின் திரவ எரிபொருள் நிலைகளையும் (அடுக்குகளையும்) பொருத்துவது, சோதிப்பது. தொட்டிகளின் பெரும் வேலை பெங்களூருவில் விமானம் கட்டும் ஹெச்.ஏ.எல். நிறுவனத்தில். 2020 நவம்பரில் அவர்கள் இஸ்ரோவிடம் கொடுத்த, சி32 என்ற குளிர்நிலை அடுக்குக்கான ஹைட்ரஜன் தொட்டிக்கு 4 மீட்டர் விட்டம், 8 மீட்டர் நீளம். அந்த ஒரு தொட்டியில் மட்டும் வெல்டு 115 மீட்டர்.

ஆனாலும் மலைக்கும் வெல்டுக்கும் சம்பந்தம் உண்டு. சோதனை நாளில் நம் பக்கம் கேட்கும் அந்த உறுமல் இஞ்சினுடையது. முழு நிலையாகச் சோதிக்கும்போது மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனை நிரப்பிய தொட்டியின் ஒவ்வொரு வெல்டும் அந்த அதிர்வைத் தாங்கியாக வேண்டும். எஃகில் பல வகை குளிரில் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அலுமினியத்துக்கு அந்தக் கேடு இல்லை, குளிரக் குளிர அதன் வலு கூடவே செய்யும். ராக்கெட்காரர்கள் அலுமினியத்தைக் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணம். 2025 மார்ச் 28-இல் அரைக் குளிர்நிலை இஞ்சினின் (திரவ ஆக்சிஜனும் மண்ணெண்ணெயும் எரிப்பது) தலைப்பகுதியை முதன்முதலாக வெற்றிகரமாகப் பற்றவைத்துப் பார்த்ததும் இதே மலையடிவாரத்தில்தான்.

குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளம் வந்தால் இந்த வேலை நம்ம பக்கம் வருமா?

குலசை இப்போது தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் 1986 வரை நம்ம திருநெல்வேலி ஜில்லாதான், அந்த உரிமையில் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து கிளம்பப்போவது முக்கியமாக எஸ்.எஸ்.எல்.வி. என்ற இஸ்ரோவின் சிறிய ராக்கெட். அதன் மூன்று பெரிய நிலைகளும் திட எரிபொருள். பெரிய அலுமினியத் திரவத் தொட்டியே அதில் இல்லை. ஏவுதளத்துக்குக் குழாய் வேலை, கட்டுமான வெல்டிங் நிறைய இருக்கும். இந்தக் குறிப்பிட்ட வெல்டிங்குக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஸ்பேஸ்எக்ஸ்காரர்கள்?

ஃபால்கன் 9 தொட்டிகள் அலுமினிய-லித்தியம், 3.7 மீட்டர் விட்டம், உராய்வு வெல்டிங். ஸ்டார்ஷிப் துருப்பிடிக்காத எஃகு. அதை உருக்கித்தான் வெல்டு செய்கிறார்கள். எஃகை இந்த முறையில் கலக்கலாம், ஆனால் கருவி தேய்ந்து மாளாது. டங்ஸ்டன்-ரீனியம் போன்ற விலையுயர்ந்த சரக்கில் கருவி செய்யவேண்டியிருக்கும்.

வெல்டு சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு பழுதுகளைச் சொல்கிறேன், மற்றவை இவற்றின் பங்காளிகள்.

ஒன்று, உள்ளே நெடுக ஓடும் சுரங்கம். சூடு போதாமலோ, அழுத்தம் போதாமலோ, மிஷினை விரட்டியதாலோ வரும். கருவி சுழலும் திசையும் நகரும் திசையும் ஒத்துப்போகிற பக்கத்தில்தான் இது அதிகம் ஒளிந்திருக்கும். எக்ஸ்ரேயில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது பொல்லாதது. பின் ஒரு துளி குட்டையாகிவிட்டால் அடியில் இரண்டு விளிம்புகளும் தொட்டுக்கொண்டிருக்கும், ஒட்டியிருக்காது. நடுவில் காற்று இடைவெளி இல்லாததால் எக்ஸ்ரே ஏமாந்துவிடும். அல்ட்ராசோனிக்கில், அதிலும் பல கோணத்தில் ஒலியை அனுப்பும் கருவியில் பார்த்தால்தான் பிடிபடும். அதுவும் எப்போதும் இல்லை. பட்டறையில் பார்க்க ஒரு நேரடி வழி உண்டு. வெல்டுக்குக் குறுக்கே பட்டையாக அறுத்து, மேல்பக்கம் வெளியே வருமாறு ஒன்றை வளையுங்கள். அழகாக வளையும். அடிப்பக்கம் வெளியே வருமாறு இன்னொன்றை வளையுங்கள். பழுது இருந்தால் பாதி வளைவதற்குள் அடிக்கோட்டில் கருப்பாக ஒரு மயிர்க்கோடு தெரியும், அடுத்த அழுத்தில் வாய்பிளந்துவிடும். பிளந்த முகத்தில் வெல்டிங்குக்கு முன் அரம் போட்ட தடம்கூட அப்படியே இருக்கும்.

எஸ்.எல்.எஸ். தொட்டி வேலையிலும் பின்னின் வடிவத்தை மாற்றியபோது வெல்டின் வலு குறைந்துபோய், வேலையை நிறுத்திக் காரணம் தேடவேண்டி வந்தது. சுண்டுவிரல் அளவு உருப்படி, நிறுத்தியது 8.4 மீட்டர் விட்டமுள்ள தொட்டியை.

மகன் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிக்கிறான். இந்த மிஷின் அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடுமா?

போடாது. கேட் கிரில்லும், டிராக்டர் டிரெய்லரும், காற்றாலை வேலையும், குழாய் வேலையும் கை வெல்டிங்கை விட்டு எங்கேயும் போகாது. இந்த மிஷினுக்கு நேர்க்கோடோ ஒழுங்கான வட்டமோ வேண்டும், டன் கணக்கில் தாங்கும் பிடிப்பு வேண்டும். மூலைமுடுக்கில் ஒன்றும் செய்யாது.

ஆனால் தம்பிக்கு ஒன்று சொல்லுங்கள்: கை ஓட்டம் மட்டும் படித்தால் போதாது. தகட்டைத் தயார்ப்படுத்துவது, பொருத்துவது, அளப்பது, வரைபடம் பார்ப்பது, இதிலெல்லாம் ஃபிட்டர் அளவுக்குக் கை பழகவேண்டும். பழுது கண்டறியும் சோதனைகளுக்குத் தனிச் சான்றிதழ்கள் உண்டு. வெல்டிங் தெரிந்தவர் அதை எழுதினால் மதிப்பு இரட்டிப்பு. திருச்சி பெல் வளாகத்தில் 1975-இலிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே பயிற்சிகள் நடத்துகிறார்கள். இஸ்ரோ மையங்கள் ஐ.டி.ஐ. படித்தவர்களை டெக்னீஷியன் வேலைக்கு எடுக்கும் அறிவிப்பு அவர்களுடைய தளத்திலேயே வரும். அதற்குக் காசு கேட்டு வருபவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எங்கள் லேத் பட்டறையில் செய்து பார்க்கலாமா?

கெட்டியான செங்குத்து மில்லிங் மிஷின் இருந்தால் தாராளமாக. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் எத்தனையோ மாணவர் புராஜெக்ட் இப்படி நடந்தவைதான். டிரில்லிங் மிஷினில் முயல வேண்டாம், பக்கவாட்டு அழுத்தத்தை அது தாங்காது.

6061 என்ற அலுமினியக் கலவைத் தகடு 6 மி.மீ. தடிமனில் வாங்குங்கள். விளிம்புகளை மில் செய்து நேராக்கி, அசிட்டோனால் துடையுங்கள். கருவிக்கு ஹெச்13 என்ற சூடு தாங்கும் எஃகு, சூட்டுப் பதம் கொடுத்தது. ஷோல்டர் 18 மி.மீ., பின் 6 மி.மீ. விட்டம், நீளம் 5.8 மி.மீ. கருவியை நகரும் திசைக்கு எதிராக 2 டிகிரி சாய்த்துக்கொண்டால் ஷோல்டரின் பின்விளிம்பு நன்றாக அமுக்கும். 1,000 சுற்றில் தொடங்கி, நகர்வை நிமிடத்துக்கு 50 மி.மீ. வைத்துப் பாருங்கள். பிசிறு ரொம்ப எழும்பினால் கருவி ஆழமாக இறங்கிவிட்டது. தடத்தில் பள்ளம் தெரிந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது வேகம் கூடிவிட்டது.

வெல்டிங்தானே என்று கையுறை மாட்டிக்கொண்டு கிட்டே போகாதீர்கள். இது சுழலும் மிஷின், துணியைப் பிடித்தால் கையோடு இழுத்துவிடும். கண்ணாடி போடுங்கள், முழுக்கைச் சட்டை என்றால் மடித்துவிடுங்கள், முடிந்த தகட்டை ஆறும்வரை தொடாதீர்கள். உருகவில்லை என்பதால் சிவந்து காட்டாது, ஆனால் தோலை உரித்துவிடும்.